ஒரே இடத்தில் குழி விழுந்த இரண்டு காசுகள்

கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடலுக்குள் கிடந்த வெள்ளியைச் சேர்க்கிறேன். பட்டாசு லோடு லாரிகளுக்கு ஒதுங்கி பைக் ஓட்டும்போதும், மூழ்கிப்போன ஏதோ ஒரு ஸ்பானியக் கப்பல் எனக்குள் ஆடிக்கொண்டேயிருக்கும். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஆள் நான். என்னிடமுள்ள எட்டு ரியால் என்ற பழைய ஸ்பானிய வெள்ளிக்காசைக் கையில் எடுத்தால் மட்டும் உட்காருவேன். மெக்சிகோவில் சுத்தியலால் அடித்தது, கப்பலோடு போய்க் காலங்காலமாக உப்புத் தின்றது என்று சொல்லி ஒருவர் தபாலில் அனுப்பிய காசு. அதில் பொறித்த சிலுவையின் ஓரத்தில் மிளகளவு குழி. உப்பின் பல் பட்ட இடம் என்று அதைத் தடவித் தடவியே ஆறு வருடம் போயிருந்தது.

திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பாய் என் சிநேகிதர். மனைவி இறந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில், மிஷின் ஓடாத அச்சகத்துக்குள் தனியே போய் உட்கார்ந்திருப்பார். நான்தான் அவரைக் காசுப் பக்கம் இழுத்தேன். எனக்கு விற்றவரின் விலாசத்தையும் நானே கொடுத்தேன். தீபாவளி சீசன் முடிந்ததும் அவருடைய முதல் காசு வந்தது. என் காசையும் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. ஒங்களுதையும் எடுத்தாந்தீகளா?"

இரண்டையும் வெள்ளைத்தாளில் பக்கம்பக்கமாக வைத்தார். அச்சில் புள்ளி பார்க்கும் லென்ஸை வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மயிரிழை மாறல. ஒங்களுதுல பள்ளம் எங்கன இருக்கோ, என்னுதுலயும் அங்கனயேதான். அசல் சரக்குல்ல."

கடைசி லேபிளும் முதல் லேபிள் மாதிரியே இருந்தால்தான் ஆர்டர் நிலைக்கும். வாழ்நாளெல்லாம் அப்படிப் பார்த்த கண். நானும் இந்த அச்சு ஊர்க்காரன்தானே, கூடச் சேர்ந்து சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. கையால் அடித்த காசு இன்னொன்றைப் போல இருக்காது. கடல் இரண்டு காசை ஒரே இடத்தில் கடிக்காது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த போலிகள்.

சொல்லாமல் விட்டுவிடலாம். அவர் இப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகிறது. சொன்னால் மறுபடியும் அந்தத் தனி நாற்காலிக்கே போய்விடுவாரோ? சொல்லாவிட்டால் அடுத்த காசையும் அதே ஆளிடம் வாங்குவார், என்னை நம்பி.

சொன்னேன்.

லென்ஸைக் கீழே வைத்தார். மூடிக் கிடந்த மிஷின் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒங்களுதும்?"

"என்னுதும்தான் பாய். ஆறு வருசமாத் தடவிக்கிட்டிருக்கேன்."

"ஆறு வருசமாவா?"

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் நாலே நாள்தான் ஏமாந்தேன். ஒங்களுக்கு நான் எம்புட்டோ தேவல."

என் காசை மட்டும் மறுபடி எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "ஆனா பள்ளத்தச் சுத்தமாப் போட்டிருக்கான். கெட்டிக்காரப் பயதான்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"வேற ஆளு யாரும் விக்கிறாகளான்னு பாருங்க அண்ணாச்சி. இந்தத் தடவ ஒண்ணுபோல ஒண்ணு இல்லாததா ரெண்டு வாங்குவோம்."