பாக்கியம் அக்கா குடித்தவர்தான்

செவ்வாய்க்கிழமை காலை, கந்தோரில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பார்மசி நஸீர் நானாவின் அழைப்பு வந்தது. "சேர், பாக்கியம் அக்கா மவுத்தாகிட்டாங்க" என்றார். விடியலில் நெஞ்சு வலித்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே எல்லாம் முடிந்துவிட்டதாம். அவரை அறிந்த உங்களில் பலர் மறுநாள் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் இருந்தீர்கள். அங்கே பேசப்பட்டதைக் கேட்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன வருடம், நான் குடிப்பதை நிறுத்த வேண்டும் என்று சொன்ன வைத்தியர், ஆதரவுக் குழு ஒன்றில் சேரும்படியும் சொல்லியிருந்தார். கண்டியில் தேடினேன். ஒன்றில் ஆங்கிலம் பேசினார்கள், இன்னொன்றில் சிங்களம். கந்தோர் வேலைக்கு எனக்கு இரண்டும் போதும். ஆனால் மகளின் பிறந்தநாளன்று வெறியில் கேக்கின் மேலேயே விழுந்ததை அந்த மொழிகளில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கிழமை பேசாமல் இருந்துவிட்டு வந்தேன். வரும் வழியில் இரண்டு முறையும் குடித்தேன். கை நடுக்கத்துக்கு மருந்து கேட்டுப் போன இடத்தில் நஸீர் நானாதான், மஹய்யாவயில் ஞாயிறு பத்து மணிக்குத் தமிழில் ஒரு கூட்டம் நடக்கிறது, பாக்கியம் அக்கா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள் என்றார்.

ஒரு வைத்தியரையோ பாதிரியாரையோ எதிர்பார்த்துப் போனேன். வீட்டின் பின்னறையில் ஏழு பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டிருந்தவர், மாநகர சபையில் தெருக் கூட்டி ஓய்வுபெற்ற ஒரு பெண். பிளேன்ரீ தந்தார். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தனான நான் அதை வாயில் வைக்காமல் கதிரைக்குக் கீழே வைத்தேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. அவர் கவனித்துவிட்டார்.

"நேத்து எந்தக் கிளாஸ்ல குடிச்சீங்க சார்? அதக் கழுவுனது யாருன்னு பாத்தீங்களா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். நான் குனிந்து கோப்பையை எடுத்துக் குடித்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அவரே முதலில் பேசுவார். "நான் பாக்கியம். நான் குடிகாரி. பதினோரு வருசமா குடிக்கல." பள்ளிக்கூடச் சட்டையோடு மகள் தன்னைச் சாக்கடைக் கானிலிருந்து இழுத்து வந்த கதையை ஒன்றையும் மறைக்காமல் சொல்வார். ஆண்கள் நிலத்தைப் பார்ப்போம். அறைக்குள் பேசுவது வெளியே போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். தன் கதைக்கு மட்டும் விலக்குத் தந்திருந்தார். "என்னயப் பத்தி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. எங்கயாவது குடிக்கிற பொம்பள ஒருத்தி காதுல விழட்டும்" என்பார்.

நான்காம் மாதம் நான் மறுபடி குடித்தேன். குடித்துவிட்டு, ஏனென்று தெரியவில்லை, அவர் வீட்டுக்கே போய் வாசற்படியில் வாந்தி எடுத்தேன். அந்த நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அவர் வாளியில் தண்ணீரும் விளக்குமாறும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஊரு அசிங்கத்த முப்பது வருசம் அள்ளிட்டேன். உங்களோடத நீங்க அள்ளுங்க."

நான் தள்ளாடித் தள்ளாடிக் கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு, "உள்ள வாங்க" என்றார். அன்றைக்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

கலஹாவிலிருந்தும் பன்விலவிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வரத் தொடங்கியதும் பின்னறை போதவில்லை. அக்கா ஒரு சங்கத்து மண்டபத்தை ஞாயிறு காலையில் மட்டும் கேட்டார். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். குடிகாரர்கள் வந்தால் இடம் அசிங்கமாகிவிடும் என்று தலைவர் மறுத்தார். பக்கத்தில் நின்ற நான் ஒன்றும் பேசவில்லை. அதே மண்டபத்தின் பின்கட்டில் அந்தத் தலைவரோடு உட்கார்ந்து நான் குடித்திருக்கிறேன்.

புதன்கிழமை அதே மண்டபத்தில்தான் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அதே தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "எந்தத் தீய பழக்கமும் தீண்டாத உத்தமி" என்றார். எனக்குக் குமட்டியது. கடைசி வரிசையில் இருந்த ஞாயிற்றுக் கூட்டத்தார் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எழுந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். கந்தோரில் என் மேலதிகாரியான பிரதம லிகிதர் முன்வரிசையில் இருந்தார். நான் எழும்பவில்லை.

வெளியே வந்தபோது அக்காவின் மகள் செல்வி என்னிடம் வந்தாள்.

"அம்மா பதினோரு வருசம் பாடுபட்டாங்க சார். அவரு ஒரு வார்த்தையில அத இல்லாம ஆக்கிட்டாரு. நீங்கல்லாம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்ப முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெயரை மாற்ற வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றாள். என் பெயரையும் இதோடு போடச் சொல்லியிருக்கிறேன். பிரதம லிகிதரும் வாசிக்கட்டும்.

அக்காவிடமிருந்து எனக்கு ஆறுதலான எதுவும் மிஞ்சவில்லை. அழுக்கை அழுக்கென்று சொல்லும் வாயும், அதைச் சொல்லத் தவறிய அந்தப் புதன்கிழமையின் குமட்டலும்தான் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் விடுவதாக இல்லை. போன ஞாயிறு பின்னறையைச் செல்வியும் நானும் திறந்தோம். பத்து மணி கழிந்து, முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டிருந்த ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். இங்கே தமிழில்தானா பேசுவீர்கள் என்று கேட்டார்.