வட்டம் விழாத பிளேட்

ஜெயசித்ரா பயந்த சுபாவம். வில்லியனூர் பக்கத்துக் காலேஜ் லேபில் பாட்டில் கழுவச் சேர்ந்த புதிதில், கிருமி வளர்க்கிற பிளேட்டை இரட்டைக் கையுறை மாட்டாமல் தொடமாட்டாள். வீடு திரும்பினால் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். "இவ ஒருத்தி கண்ணுக்குத்தான் கிருமி தெரியுது" என்று புருஷன் பாக்யராஜ் கேலி செய்வான்.

கேலிக்குக் குறைச்சல் இல்லை, அவன் உடம்பில்தான் சர்க்கரை. கரும்பு வெட்டப் போன இடத்தில் அடிக்கட்டை குத்தி, கால் பெருவிரல் புண் ஆறாமல் கிடந்தது. "வலி நின்னுபோச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, உடனே வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவனோ குப்பைமேனியைத் தண்ணீர் விட்டு அரைத்து அப்பிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

போன வாரம் ஆராய்ச்சி செய்கிற கல்பனா மேடம், கிருமி வளர்த்த பிளேட்டில் சின்னக் குழி போட்டு அதே குப்பைமேனிச் சாற்றை விட்டார். மறுநாள் குழியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம். "கிருமி செத்திருக்கு பாரு சித்ரா" என்றார். ஜெயசித்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலமே புருஷனிடம் சொன்னாள்: "நான் இன்னாவோ நெனச்சேன். நீ போடுற தழை நல்லா வேல செய்யுதுய்யா. வுடாம போடு." ஆஸ்பத்திரிக்கு வா என்று நச்சரிப்பதையும் அதோடு விட்டுவிட்டாள்.

இன்றைக்கு, கிருமி சாக வேகவைத்துக் கொட்டுவதற்காக எடுத்த பிளேட் ஒன்றில் வட்டமே இல்லை. குழியின் விளிம்பு வரை கிருமி மண்டிக் கிடந்தது. மூடியில் குப்பைமேனி என்றுதான் எழுதியிருந்தது.

"மேடம், இது இன்னா இப்பிடி இருக்கு?"

"அதுவா? தண்ணியில எடுத்த சாறு. நீ அன்னிக்குப் பாத்தது ஆல்கஹால்ல ஊறவெச்சது. தண்ணியில மருந்து எறங்கவே இல்ல. பூஞ்சைக்கும் கேக்கல."

அவன் அரைப்பதும் தண்ணீர் விட்டுத்தான். பிளேட்டை எங்கே வைத்தாள், எப்படி பஸ் ஏறினாள், ஒன்றும் தெரியாது. நம்ம வாயாலதானே சொன்னோம், நாமதானே சொன்னோம் என்று வழி முழுக்க அதே நினைப்பு. செல்லிப்பட்டில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். குளிக்கவில்லை, நேரே உள்ளே போனாள்.

பாக்யராஜ் கட்டிலில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரலில் பச்சைப் பசேலென்று புதுப் பூச்சு.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"எதுக்குடி? உங்க காலேஜில சொன்னது சரிதான். நேத்திலேர்ந்து வலியே இல்ல."

 அவள் பூச்சை வழித்துப் போட்டுவிட்டு, விரலை நகம் பதிய அழுத்தினாள். இன்னும் பலமாக அழுத்தினாள்.

அவன் டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.