நாற்காலியைச் சுமந்து வந்தவர்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் பள்ளிப் பெண்கள் மாவட்ட கோ-கோ போட்டியில் ஜெயித்ததும், ஊரே மேளதாளத்தோடு பள்ளிக்குச் சீர் கொண்டுவந்தது. தேங்காய்பழத் தட்டுகள், மின்விசிறி, பீரோ என்று போன வரிசையின் கடைசியில் ஒல்லியாக, உயரமாக ஒருவர் தலைமேல் நாற்காலியைச் சுமந்து வந்தார். என் வகுப்பில் படிக்கும் கோ-கோ வீராங்கனையின் அப்பா. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்.

பாராட்டு விழா முழுக்கத் தூணோரம் நின்றவரிடம் அதே நாற்காலியை நகர்த்தினேன்.

"உக்காருங்ணா."

"வேண்டாமுங்க டீச்சர். பொண்ணக் குடுத்த ஊட்டுல, சீராக் கொண்டாந்த சேர்ல நாமளே உக்காரலாமுங்களா?"

முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. கிளம்பும்போது கைகூப்பி, "பொண்ணு ஏதாச்சும் தப்புப் பண்ணுனா பொறுத்துக்குங்க" என்றார்.

இப்போது அதில்தான் உட்கார்ந்து பாடம் எடுக்கிறேன். அந்தப் பெண்ணை அதட்ட வாயெடுத்தால் குழம்பிப்போகிறேன். நான் அவளுக்கு டீச்சரா, மாமியாரா?