ஸ்பீக்கர் உச்சியில் ஒரு பெட்டி

விடாமல் பெய்த மழையில், பிற்பகல் மூன்று பத்துக்கு எங்கள் பெஹாலா வீட்டுக் குளியலறைச் சாக்கடைக் குழியிலிருந்து தண்ணீர் மேலே வரத் தொடங்கியது. தெருவிலிருந்து வந்திருந்தால் வாசற்படி சற்று நேரம் தடுத்திருக்கும். இது வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

கணவர் கார்டன் ரீச்சில், ரயில்வே ஆபீஸில். மகள் ஊரின் இன்னொரு பக்கம், டாக்குரியாவில், ஒரு சிநேகிதியிடம் கேசட் நகலெடுக்கக் கம்ப்யூட்டர் கேட்கப் போயிருந்தாள். மகள் கென்யாவின் கடலோர ஊர்களில் ஓராண்டு தங்கி, கல்யாண வீடுகளில் பெண்கள் மேளத்தோடு பாடும் பழைய பாட்டுகளை கேசட்டுகளில் பதிவு செய்துகொண்டு வந்திருந்தாள். எதற்கும் இன்னும் நகல் எடுக்கவில்லை. அதில் ஒரு கேசட்டில் பாடிய அம்மாள் பிறகு இறந்துபோனாள். அவள் குரல் அந்த ஒன்றில்தான் இருந்தது. அவளுடைய பிள்ளைகள் போன் செய்து கேட்டிருந்தார்கள். அனுப்புகிறேன் என்று மகள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கேசட் பெட்டியைத்தான் முதலில் தூக்கினேன். மாடி வீட்டுக்காரர் பாதிப் படியில் வந்து வாங்கிக்கொண்டார். தெருவில் வருஷாவருஷம் பந்தல் போட்டு நடக்கும் பூஜையின் மைக் செட் எல்லாம் அவர் பொறுப்பு.

"குடுங்க பௌதி, எங்க வீட்லயே உசரமான இடத்துல வெக்கறேன். கங்கையே வந்தாலும் தொடாது" என்றார் வங்காளத்தில். பௌதி என்றால் அண்ணி.

சாமி படங்கள், அரிசி, துணிமணி எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் அவர் அறைக்குள் போனேன். பூஜைக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. உச்சியில் எங்கள் பெட்டி.

ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. காந்தம் நெருங்கினால் நாடாவில் உள்ள குரல் அழியும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பொம்மையைக்கூட அதற்காக மகள் பிடுங்கி எறிந்திருந்தாள்.

"ஐயோ, இறக்குங்கோ!" தமிழில் கத்தியிருக்கிறேன். அவர் விழித்தார். நாற்காலிமேல் ஏறி நானே இறக்கி, காரணத்தை வங்காளத்தில் சொன்னேன்.

"கொஞ்ச நேரந்தானே இருந்துது, பௌதி? எங்க பூஜை கேசட்டெல்லாம் வருஷம் பூரா அதுமேலதான் கெடக்கு. ஒண்ணும் ஆகலையே."

சமையலறையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "ஆகலையா? போன பூஜைல பாதிப் பாட்டு கரகரன்னுது. நீங்க ஜெனரேட்டர் மேல பழியப் போட்டீங்க."

உடனே போட்டுக் கேட்டுப் பார்க்க நினைத்தேன்.

மின்சாரம் போய்விட்டது. பாட்டரியில் ஓடும் சின்ன ரிக்கார்டர் மகள் கொண்டுபோன பையில் இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். கீழே தண்ணீர் கட்டில் காலை மூடியது. அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கடல் கடந்து அந்தப் பிள்ளைகளுக்குப் போன் போட்டு, உங்கள் அம்மா குரல் எங்கள் வீட்டில் அழிந்துபோயிற்று என்று எந்த மொழியில் சொல்வது? மகள் அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் கழித்தும் ஸ்பீக்கர் கட்டிய பந்தலைக் கண்டால் நான் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

இருட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். இடுப்புவரை நனைந்திருந்தாள். நான் வாயெடுப்பதற்குள் மாடி வீட்டுக்காரரே எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் அவர் நீட்டிய துண்டில் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, அந்த கேசட்டை ரிக்கார்டரில் போட்டு ஹெட்போனை மாட்டினாள். ஒரு பக்கம் ஓடியது. திருப்பிப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

"ஆரம்பத்துல கொஞ்சம் மங்கியிருக்கும்மா. ஆனா பாடறா. நடுவுல யாரையோ பாத்து சிரிக்கக்கூட சிரிக்கறா. நீ அழுது அதை நனைச்சுடாதே."