1218 வேண்டும் என்றாள் ஐரின்

ஜேசுராஜ் நல்ல மனுஷன்தான். மிஷன் பள்ளி ஒன்றில் தலைமை எழுத்தர் உத்தியோகம், கோச்சடையில் சொந்த வீடு, ஐம்பத்தாறு வயதிலும் மையடிக்காத கருத்த மீசை. யாரிடமும் அஞ்சு பைசா வம்பு கிடையாது. ஒரே ஒரு குறை, அவர் கை பட்டு எது கெட்டாலும் குற்றம் வேறெங்கோதான் இருக்கும். சாவி தொலைந்தால் பையில் ஓட்டை, பதிவேட்டில் தப்பு வந்தால் பேனா சரியில்லை, பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. அவர் மனைவி ஐரின் முப்பது வருஷமாக இதைச் சிரித்தே தள்ளி வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்கூட்டர் சரிந்து, பின்னால் உட்கார்ந்திருந்த ஐரினுக்கு வலது கால் முறிந்தது. மாடு குறுக்கே வந்துவிட்டது என்றார் ஜேசுராஜ். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாட்டின் நிறம் முதற்கொண்டு சொன்னார். செவலை மாடு, ஒரு கொம்பு கோணல். ஐரின் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பதினோரு வாரம் மாவுக்கட்டு. டீச்சர் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். நடையில் லேசாக ஒரு சாய்வு தங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவள் அந்த ஸ்கூட்டரில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவள் டவுன் பஸ்ஸில் போய், இறங்கி, ஷேர் ஆட்டோ மாறிப் போவாள். அவர் ஸ்கூட்டரில் தனியாகப் போவார். ஒரே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற இரண்டு பேர் வாசலிலேயே பிரிந்து, சர்ச் கேட்டில் அந்நியர் மாதிரி சந்தித்துக்கொள்வார்கள். சபையில் நாலு பேர் கேட்கத் தொடங்கினார்கள். ஜேசுராஜுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவள் தன் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. யோசித்து யோசித்து, தப்பு ஸ்கூட்டரில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு சக்கரம் என்பதால்தானே பயம்? நாலு சக்கரமானால் ஏறிவிடுவாள். வெள்ளைக் கார் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்.

ஐரின் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பாதி சம்மதமாகப் பட்டது. என்ன நம்பர் வாங்கட்டும், உனக்குப் பிடித்ததைச் சொல் என்று விடாமல் நச்சரித்தார். அவள் பீரோவின் மேல் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வசன அட்டைகளில் ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்தது எதுவோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கிடைத்த வாக்கு. அவளுக்கு வந்தது சங்கீதப் புத்தகத்தின் நூற்றிருபத்தோராம் அதிகாரம், எட்டாம் வசனம். வெளியே போகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்புவார்கள் என்பது அதன் சாரம்.

"1218 கெடச்சா ஏறுறேன்," என்றாள்.

இம்புட்டுத்தானா என்று ஜேசுராஜ் துள்ளிக் குதிக்காத குறை. மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனார். அங்கே வாசலில் படிவம் நிரப்பித் தரும் பேயாண்டி என்பவர் போனில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நடப்பு வரிசையில் 1218 ஏற்கெனவே போய்விட்டது. பரவையில் விருமாண்டி என்பவரின் லோடு ஆட்டோவுக்கு. ஒரு வண்டிக்குப் போன நம்பரைப் பிடுங்கி இன்னொரு வண்டிக்குக் கொடுக்க முடியாது, அடுத்த வரிசையில் அந்த எண் வருவதற்கு எத்தனை மாதமாகும் என்று தெரியாது என்றார். ஜேசுராஜ் விடுகிற ஆளா? அந்த ஆளே விட்டுக்கொடுத்தால்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மனு எழுதிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் பேயாண்டி. அந்த 'பார்க்கலாம்' என்ற ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனுஷன் இரண்டு மாதம் அலைந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும், லாரி நெரிசலில் ஸ்கூட்டர் வேண்டாமென்று பஸ் பிடித்துப் பரவை மார்க்கெட்டுக்குப் போவார். போகிற நேரமெல்லாம் விருமாண்டி இருக்கமாட்டான். லோடு ஏற்றப் போயிருப்பான், சாப்பிடப் போயிருப்பான், இல்லையென்றால் இப்போதுதான் கிளம்பினான் என்பார்கள். அழுகின கோசு இலையில் வழுக்கி வேட்டி நாசமானதுதான் மிச்சம். நாலாவது தடவைதான் ஆள் அகப்பட்டான். வண்டியைப் பார்த்ததும் ஜேசுராஜுக்கு வயிறு எரிந்தது. இடது பக்கம் முழுக்க நசுங்கி, ஒரு விளக்கு இல்லாமல், சேறு அப்பிக் கிடந்தது. ஆனால் நம்பர் பிளேட்டை மட்டும் பளிச்சென்று துடைத்து, திருநீறு பூசி, மல்லிகைச் சரம் சுற்றி வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டான். ராசியான நம்பராம், கோடி கொடுத்தாலும் விடமாட்டானாம்.

வீட்டுக்கு வந்து விருமாண்டியைத் திட்டினார், சட்டத்தைத் திட்டினார், கண்ட வண்டிக்கும் கண்ட நம்பரைக் கொடுப்பவர்களைத் திட்டினார். ஷோரூமிலிருந்து ஒரு பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டாள். பணமெல்லாம் கட்டி முடித்தாயிற்று, நம்பர் என்னவென்று சொன்னால் வண்டியை எடுத்துப் போகலாமே சார் என்பாள். யார்டில் நின்ற கார் தூசியேறி வெள்ளை நிறம் பழுப்பாகிவிட்டது. அவளையும் திட்டினார், பாவம். ஐரினோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காப்பி ஆறுதுங்க என்பாள்.

கடைசி முயற்சியாக ஒரு சனிக்கிழமை பிளம் கேக் டப்பாவோடு பரவைக்குப் போனார். விருமாண்டிக்கே மனசு கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, வண்டிப் பலகையில் உட்கார வைத்தான்.

"கோவிச்சுக்கிராதீங்கண்ணே. ரெண்டு தடவ கவுந்திருக்கு இந்த வண்டி. எனக்கு ஒரு கீறல் இல்ல. எப்படின்னு நானே முழிச்சுக்கிட்டு இருந்தேன். காய் ஏவாரத்துக்குப் போற தெருவுல ஒரு டீச்சரம்மாதான் வெவரம் சொன்னாங்க. போறவன் பத்தரமா திரும்பி வருவான்னு உங்க வேதத்துல இந்த நம்பர்ல எழுதியிருக்காம்ல. அத விடச் சொல்றீகளே."

எந்தத் தெரு என்று ஜேசுராஜ் கேட்டார்.

"கோச்சடைல, தண்ணித் தொட்டிக்கு எதுத்த தெரு. நாயித்துக்கெழம தவுத்து தெனம் ஒம்பது மணிக்குப் போவேன். கால் கொஞ்சம் சாச்சு நடப்பாங்க, ஐரின் டீச்சர்."

எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுகிற ஜேசுராஜுக்கு, தன் வாசலில் தினமும் வந்து நிற்கிற வண்டி எது என்று தெரியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் வீட்டு வாசலுக்கு வந்த நம்பரை ஊரெல்லாம் தேடியிருக்கிறார். கேக் டப்பாவைப் பலகையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார். திண்டுக்கல் ரோடு நெடுக அவருக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஐரின் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அதுவும் அந்த வண்டியில் வாங்கியதாகத்தான் இருக்கும். செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"அந்த நம்பர் விருமாண்டிகிட்ட இருக்குன்னு ஒனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சே என்ன நாயா அலைய விட்டுருக்க."

"தெரியும்," என்றாள் ஐரின். "கெடைக்காத நம்பராப் பாத்துத்தான் சொன்னேன். ரெண்டு நாள்ல விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

"கார் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதான?"

"கார் என்னங்க செஞ்சுச்சு? பஸ்ஸுல போறேன், ஷேர் ஆட்டோல போறேன். அந்த விருமாண்டி கூப்பிட்டா அவன் வண்டிலயும் ஏறுவேன். நீங்க ஓட்டுனா ஏற பயமா இருக்கு. இத எப்படி மூஞ்சிக்கு நேராச் சொல்றது?"

ஜேசுராஜுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வழக்கம்போல அதை இறக்கி வைக்க ஓர் இடம் தேடினார். பேயாண்டி, விருமாண்டி, ஷோரூம்காரி, ஸ்கூட்டர் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசியில் அந்தச் செவலை மாடு வந்து நின்றது. ஒரு கொம்பு கோணல். அதைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மாடு எதுவும் வரல, ஐரின். போன் வந்துச்சு. ஒரு கைய விட்டுட்டு பையிலருந்து எடுத்தேன்."

ஐரினின் விரல்கள் நிற்கவில்லை. இரண்டு மொச்சைக் காய் உரித்து முடிகிற வரைக்கும் அவள் நிமிரவுமில்லை.

"தெரியும்ங்க. எடுக்காதீங்கன்னு பின்னாடி உக்காந்து சொன்னது நாந்தானே."

ஐரின் மடியிலிருந்த மொச்சையில் பாதியை அள்ளி அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் உரிக்கத் தொடங்கினார்.

"திங்கக்கெழம அந்த ஷோரூம் புள்ளைக்குப் போன் பண்ணி, எந்த நம்பர் வருதோ அதையே போடச் சொல்லுங்க," என்றாள். "ஏறுறதப் பெறகு பாத்துக்கலாம்."