நாற்பத்தொன்றாம் நம்பர் கல்

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த பதினோராம் நாள் பேரன் பிறந்தான். காஜா பேராங் ரோட்டில் தார் ஊற்றும் பொன்னுதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கப்பலேறி வந்தாரே எங்க பாட்டன், அவரு பேருதான் வைக்கணும்."

"அவரு பேரு என்னா மாமா?" என்றாள் மருமகள் கமலவேணி.

பொன்னுதுரை வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. அவருடைய அப்பா 'ஐயா' என்று மட்டுமே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பாயி புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். அவர் செத்த பிறகும் சொல்லவில்லை.

ஆனால் கல் இருந்தது. இடுகாட்டில் நாற்பத்தொன்று என்று செதுக்கிய கல், அப்பா கைகாட்டிய இடம். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஒரு இலை, ஒரு விளக்கு, ஒரு சுருட்டு. நம்பர் இருந்தால் இடுகாட்டுப் பதிவுப் புத்தகத்தில் பேர் இருக்காதா?

பதினாறாம் நாள் தொட்டில். காலையிலேயே போய் நின்றார். இடுகாட்டுக் காவலர் நடராஜன் பூச்சி அரித்த புத்தகத்தைப் பிரித்தார். விரல் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"படிங்கண்ணே."

"காலரா. ரோட்டு வேலைக் கூலிங்க ஒம்பது பேரு. ஒரே குழி."

"பேரு?"

"அவ்வளவுதான்யா எழுதியிருக்கு."

"நாய்க்குக்கூட பேரு வெப்பானே வெள்ளக்காரன்!"

நடராஜன் புத்தகத்தை மூடினார்.

பொன்னுதுரை கல்லருகே உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக ஒரு இலைச் சோற்றை ஒன்பது பேர் பார்த்திருக்கிறார்கள். இதில் பாட்டன் எந்த எலும்பு?

வீட்டில் தொட்டில் கட்டிக் காத்திருந்தார்கள்.

"பேரு கெடைச்சிச்சா மாமா?"

"இல்லம்மா. எம் பேரையே வைங்க." மனைவி பக்கம் திரும்பினார். "ருக்மணி, நீதான் புள்ள காதுல சொல்லணும்."

"ஐயோ, நானா? முப்பத்தாறு வருஷமா சொன்னதில்ல. நாலு பேரு முன்னால ஏங்க மானத்த வாங்குறீங்க?"

"எங்க அப்பாயி ஒரு தடவ சொல்லியிருந்தா இன்னிக்கி எனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லு."

ருக்மணி குனிந்தாள். முதல் தடவை உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் தடவை குரல் வந்தது. மூன்றாம் தடவை வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. பிள்ளை கொட்டாவி விட்டான்.

"சூராட் பெரானாக், பொறப்புப் பத்திரம், எழுதுறப்ப பக்கத்துலயே நில்லுடா," என்றார் மகனிடம். "எழுத்து எழுத்தாப் பாரு."

அடுத்த ஆடியில் ஒன்பது இலை போட்டார், ஒன்பது விளக்கு ஏற்றினார். படைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிட ஒரு பேரும் இல்லை.

"ஐயா," என்றார். "எல்லாரும் வாங்க."