பிலோமினாவைப் படகேற்றிய பாடங்கள்

குடும்பம் நடத்துவது என்பது சம்பளமில்லாமல் அடுத்தவர் குணத்தைத் திருத்துகிற உத்தியோகம். என்னோடு அடுப்படியில் வேகிற உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

என் மகள் பிலோமினாவின் புருஷனுக்கு சைகோனில் வேலை. இவள் போய்ச் சேர வேண்டும். புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது; அலையில் ஆடுகிற படகில் போய்த்தான் ஏற வேண்டும். படகைக் கண்டாலே இவளுக்குக் கைகால் உதறும். இந்தக் கப்பலையும் விட்டால் அங்கேயே இருந்துகொள்ளட்டும் என்று மாப்பிள்ளை சொல்லியனுப்பிவிட்டார். நான் படித்த கான்வென்டின் மதர் ஒருவர், மனுஷர் நடத்தையைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். படித்தேன், துணிந்தேன்.

வெகுமதி

நல்லது செய்தவுடன் பரிசு கொடுத்தால் மறுபடியும் செய்யத் தோன்றுமாம். எங்கள் காரைக்காலை ஒட்டிய கருக்களாச்சேரிக் கடற்கரை மணலில் கிடந்த மாரிமுத்துவின் படகில் பிலோமினாவை உட்கார வைத்து, உட்கார்ந்ததும் ஒரு துண்டு தம்ரூட் இனிப்பு கொடுத்தேன். நாளடைவில் நான் கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பூரித்துப்போய்ப் படகைத் தண்ணீரில் தள்ளச் சொன்னேன். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு குதித்து இறங்கிவிட்டாள். மாரிமுத்துவின் பெண்சாதி சிரித்தாள்: "அம்மா, ஒங்க பொண்ணு படகுக்கு வரலைங்க, பலகாரத்துக்குல்ல வருது!"

கண்டுகொள்ளாமை

அழுகையைக் கவனிக்காமல் விட்டால் தானாக அடங்குமாம். கப்பல் பேச்செடுத்தால் அவள் அழுவாள். நான் பாட்டுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருப்பேன். ஆனால் வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரே! பிரெஞ்சுப் பட்டாளத்தில் பீரங்கிச் சத்தம் கேட்ட என் வீட்டுக்காரர், மகள் விசும்பினால் தாங்க மாட்டார். நான் திரும்புவதற்குள் தலையைத் தடவி, "போக வேணாம் கண்ணு" என்று சொல்லிவிடுவார். இப்படி எப்போதாவது கிடைக்கிற கவனிப்புதான் அழுகையை இன்னும் கெட்டியாக்கும் என்று பக்கத்தைத் திறந்து காட்டிச் சண்டை போட்டேன்.

"இத எழுதினவனுக்குப் பொட்டப்புள்ள இல்ல போலிருக்குடி" என்றார்.

சேர்க்கை

இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வந்துகொண்டிருந்தால், பிறகு ஒன்று வந்தாலே மற்றதும் வந்துவிடுமாம். அந்தப் பக்கத்தை நான் தாமதமாகத்தான் படித்தேன். அரசலாற்றில் படகேற்றும்போதெல்லாம், குமட்டலுக்கு நல்லதென்று கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினேன். மோந்துகொண்டே வாந்தி எடுத்தாள். கடைசியில் வீட்டில் சர்பத்துக்குப் பழம் நறுக்கினாலே கொல்லைக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி எட்டிப் பார்த்து மோவாயில் கை வைத்தார்: "யா அல்லாஹ்! மாப்புள சைகோன்ல, மசக்கை காரைக்கால்லயா?"

படிப்படி

முதலில் கணுக்கால் தண்ணீர், பிறகு முழங்கால், பிறகு கட்டிப்போட்ட படகு. ஒன்று பழகிய பிறகே அடுத்தது. எலுமிச்சம்பழம் கிடையாது. ஒழுங்காகத்தான் போயிற்று. அலையைத் தாண்டுகிற கடைசிப் படியில், "நீங்களும் ஏறினாத்தான்" என்றாள். கரையில் நின்று உத்தரவு போட்டே பழகியவள் நான். வேறு வழியில்லாமல் ஏறினேன். முதல் அலை தூக்கியதும் நான் போட்ட கூச்சலில் மாரிமுத்து துடுப்பையே நிறுத்திவிட்டான். பிலோமினா என்னைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, அடுத்தது சின்ன அலைதான்" என்று தேற்றிக்கொண்டே வந்தாள். பயப்பட அவளுக்கு நேரமில்லை.

புதுச்சேரியிலும் கூடவே போனேன். படகு கப்பலை ஒட்டியதும் ஏணியைப் பிடித்து ஏற ஆரம்பித்துவிட்டாள். படகோட்டி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டான்: "பெரியம்மா, பொண்ணு ஏறிடுச்சுல்ல, சேலைய விடுங்க, கிழிஞ்சிரப் போவுது!"

பயத்தைப் போக்க அந்தப் புத்தகத்தில் எத்தனையோ வழி இருந்தது. பயம் போன பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போவாளே, அதற்குத்தான் ஒரு வழியும் இல்லை.